சரயேவோவின் திரைக்கலைக் கூடம்

பொஸ்னியாவின் தலைநகரான சரயேவோவின் பெயரை மூத்த வாசகர்கள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். 1992 ஏப்ரல் முதல் 1996 பிப்ரவரி வரை, 1425 நாட்கள் அந்நகரம் முற்றுகைக்குள் கிடந்தது. பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். நம் பள்ளிவாசல்கள் பலவற்றில் அம்மக்களுக்காக துஆக் கேட்கப்பட்ட காலம் அது.

நகரின் பழைய கடைவீதிக்கு பஷ்சார்ஷியா என்று பெயர். கல் பாவிய சந்துகளும், செப்புப் பாத்திரக் கடைகளும் உஸ்மானியர் காலத்தை இன்றும் நினைவூட்டுகின்றன. காஸி குஸ்ரவ் பேக் அவர்கள் எழுப்பிய பெரிய பள்ளிவாசலும், அதன் எதிரே 1537இல் அவர் நிறுவிய மத்ரஸாவும் இங்கேதான் உள்ளன. அந்த மத்ரஸாவின் வக்ஃபு சாசனம் தஃப்ஸீர், ஹதீஸ் போன்ற பாடங்களைக் குறிப்பிட்டுவிட்டு, வழக்கமும் இடமும் வேண்டுகின்ற பிற கல்விகளையும் கற்பிக்கலாம் என்று இடம் தருகிறது. மத்ரஸாவில் பாடம் நடத்தும் எனக்கு, ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அவ்வாசகம் வியப்பையும் சிறிது வெட்கத்தையும் ஒருசேரத் தருகிறது.

அங்கிருந்து மில்யாட்ஸ்கா ஆற்றின் கரையோடு மேற்கே நடந்தால் லத்தீன் பாலம் வரும். முதல் உலகப்போருக்கு வித்திட்ட 1914ஆம் ஆண்டுக் கொலை நடந்தது அதன் முனையில்தான். அதையும் தாண்டிச் சென்றால் தேசிய நாடக அரங்கு. அதை அடுத்து சரயேவோ நிகழ்கலை அகாடமி. 1981இல் நடிப்புப் பயிற்சியோடு தொடங்கிய இக்கல்விக்கூடத்தில் 1989இல் இயக்குநர் துறை சேர்ந்தது. நாடக எழுத்துத்துறை திறக்கப்பட்டது 1994இல்! மின்சாரமும் குடிநீரும் அற்று, குண்டுமழைக்கு நடுவே மனிதர் உயிர் தரித்திருந்த ஊரில், கதை எழுதக் கற்பிக்கும் துறை ஒன்று புதிதாகத் திறக்கப்பட்டதை எண்ணிப் பாருங்கள்.

டானிஸ் தானோவிச் இங்கு பயின்ற மாணவர். போர் மூண்டதும் பாடத்தை விட்டுப் பொஸ்னியப் படையோடு சென்று, கண்டவற்றையெல்லாம் படம்பிடித்தார். 1994இல் பெல்ஜியம் சென்று பிரஸ்ஸல்ஸ் நகரின் திரைப்படக் கல்லூரியில் படிப்பைத் தொடர்ந்தார். 2002இல் நம் நாட்டு 'லகான்' ஆஸ்கார் விருதுக்குப் போட்டியிட்டுத் தோற்றது நினைவிருக்கும். வென்றது தானோவிச்சின் 'நோ மேன்ஸ் லேண்ட்'.

சினிமா என்றாலே முகம் சுளிப்பது நம்மவர் வழக்கம். வரும் படங்களில் பெரும்பாலானவற்றைப் பார்த்தால் அதைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஆனால் ஆயிஷாவோ ஆமினாவோ தன் மகனின் கப்ரு எங்கே என்று அறியாது தவிக்கும்போது, அவளுடைய துயரத்தை உலகுக்கு எடுத்துச் சொல்பவர் யார்? பிறர் சொல்லட்டும் என்று பொஸ்னியர்கள் காத்திருக்கவில்லை.

ஆய்தா பேகிச் அவ்வகாடமியில் பயின்று 2000இல் பட்டம் பெற்றவர். தலையை மறைத்து ஹிஜாப் அணிபவர். அவருடைய பட்டப்படிப்புக் குறும்படம், அரசுப் பதிவேட்டில் இறந்தவனாகிவிட்ட ஒரு மனிதனைப் பற்றியது. அது கான் திரைப்பட விழாவின் மாணவர் பிரிவுக்குத் தேர்வாயிற்று. 2008இல் வந்த 'பனி' என்ற படத்திலோ, ஆண்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்ட சிற்றூரில் பெண்கள் பழங்களைப் பதப்படுத்தி விற்றுப் பிழைக்கிறார்கள். கதாநாயகி முக்காடிட்டுத் தொழும் இளம் விதவை. அந்த முக்காட்டுக்காக அவள் இரக்கத்துக்குரியவளாகவோ அச்சத்துக்குரியவளாகவோ காட்டப்படவில்லை. ஐரோப்பியப் படங்களில் இது அரிது. பேகிச் பின்னர் தாம் பயின்ற அகாடமியிலேயே மாணவர்களுக்குக் கற்பிக்கவும் செய்தார்.

யஸ்மிலா ஷ்பானிச்சும் அங்கு படித்தவரே. போரில் மானபங்கப்படுத்தப்பட்ட ஒரு தாயைப் பற்றிய அவரது 'கிர்பாவிட்சா' 2006இல் பெர்லின் விழாவின் தங்கக் கரடி விருதை வென்றது. படத்தை ஒட்டிக் கையெழுத்து இயக்கமும் நடந்தது. அத்தகைய பெண்கள் போரால் பாதிக்கப்பட்ட குடிமக்களாகச் சட்டப்படி ஏற்கப்பட்டதும் அவ்வாண்டில்தான். 1995 ஜூலையில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்ட ஸ்ரெப்ரெனிட்சாவைப் பற்றி அவர் எடுத்த படம் 2020இல் வெளிவந்தது. அதே ஆண்டில், ஷஹீதானோர் அடக்கம் செய்யப்பட்டுள்ள பொத்தோச்சாரி நினைவிடத்திலேயே இளைஞர்களை அழைத்து அப்படத்தைத் திரையிட்டார்கள்.