முஸ்தபாவுக்குக் கரண்ட்

கேப்காம் நிறுவனம் 1993-ல் வெளியிட்ட அந்த வீடியோ கேமின் பெயர் ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’. இந்தியப் பையன்களுக்கு அது வாயில் நுழையவில்லை, அல்லது நுழைக்க மனமில்லை. ஜாக், ஹன்னா, மெஸ் மூவரையும் ஒதுக்கிவிட்டு, மஞ்சள் தொப்பி போட்ட முஸ்தபா கைரோவின் பெயரை ஆட்டத்துக்கே வைத்துவிட்டார்கள். “முஸ்தபா ஆடலாம் வாடா” என்று கூப்பிட்டவர்களுக்கு இப்போது நாற்பது வயது தாண்டுகிறது. அவர்களில் சிலருக்கு, அப்போது காசு போட்டு ஆடிய அந்த ஆர்கேட் பெட்டியே வேண்டும் என்ற ஆசை வந்திருக்கிறது. மரத்தைத் தேய்த்து, ஸ்டிக்கர் ஒட்டி, ஜாய்ஸ்டிக் மாற்றுவது வரை எல்லாம் சுகம்தான். பிளக்கைக் கையில் எடுக்கும்போதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

கலங்குவதில் நியாயம் உண்டு. அமெரிக்காவில் இருந்து வந்த பழைய ஆர்கேட் மானிட்டர்கள் பலவற்றில், வாங்கும் மின்சாரத்தை டையோடுகள் நேரடியாக டி.சி.யாக்கிவிடும், நடுவில் எந்தத் தடுப்பும் இல்லை. ஆகவே அந்த மானிட்டரின் ‘கிரவுண்டு’ உண்மையில் தரை அல்ல, கரண்ட் ஓடும் இடம். கேம் போர்டின் கிரவுண்டோ எர்த்தோடு சேர்ந்தது. சிவப்பு, பச்சை, நீலம் என்று வண்ண ஒயர்களோடு கிரவுண்டு ஒயரையும் செருகியதும் இரண்டு தரைகளும் சந்திக்கின்றன. சந்தித்த மாத்திரத்தில் பியூஸ் போகும்; சில சமயம் போர்டும் கூடவே போகும்.

இதற்காகத்தான் அந்தப் பெட்டிகளின் அடியில் கனமான ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர் ஒன்றை வைத்தார்கள். அதில் இரண்டு சுற்றுகள். ஒன்றுக்கொன்று கம்பித் தொடர்பே கிடையாது; இரும்பு வழியாகக் காந்தம்தான் சேதி சொல்லும். அந்தப் பக்கம் வரும் இரண்டு ஒயர்களில் எதற்கும் பூமியோடு உறவில்லை. ஒன்றை மட்டும் தொட்டால் சுற்று முடியாது. இரண்டையும் சேர்த்துத் தொட்டால் எந்த டிரான்ஸ்பார்மரும் காப்பாற்றாது.

நம் ஊரில் இதில் ஒரு பொறி இருக்கிறது. 120 வோல்ட் மானிட்டருக்கு 230 வோல்ட்டைக் குறைக்க, கடையில் கிடைக்கும் கன்வெர்ட்டர் பெட்டியை வாங்கிவிடுவார்கள். வோல்ட்டேஜ் சரியாகக் குறையும். ஆனால் அவற்றில் பல, வீட்டு ஸ்டெபிலைசரைப் போல ஒரே சுற்றில் நடுவில் ஒயர் இழுத்தவை. உள்ளே போகும் ஒயரில் ஒன்று அப்படியே வெளியே வந்துவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இன்புட்டுக்கும் அவுட்புட்டுக்கும் நடுவே மல்ட்டிமீட்டரை வைத்தால் தெரிந்துவிடும். பீப் சத்தம் கேட்டால் அது ஐசோலேஷன் அல்ல.

இந்த இடத்தில் டி.வி. மெக்கானிக்கின் குண்டு பல்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

தருமபுரி, பாலக்கோடு, அரூர் என்று எந்த ஊர்ப் பழைய ரிப்பேர் கடையானாலும் சுவரில் ஒரு பலகை இருக்கும். அதில் ஒரு பிளக் துளை, ஒரு சுவிட்ச், ஒரு பல்பு ஹோல்டர். பல்பு வெளிச்சத்துக்கு அல்ல. செட்டுக்குப் போகும் கரண்ட் அதன் வழியாகத்தான் போக வேண்டும். பழைய செட்டை முதன்முதலில் போடும்போது மெக்கானிக் பிக்சர் டியூப்பைப் பார்ப்பதில்லை, பல்பைத்தான் பார்ப்பார். பளிச்சென்று எரிந்து அப்படியே நின்றால் உள்ளே ஷார்ட். பளிச்சென்று எரிந்து மெல்ல மங்கினால் கண்டன்சர் நிரம்பிவிட்டது, செட்டுக்கு உயிர் இருக்கிறது. எரியவே இல்லையென்றால் பியூஸையோ ஒயரையோ தேட வேண்டும். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பது போல, பல்பின் முகத்தைப் பார்த்தே நோய் சொல்லும் வித்தை. சின்ன செட்டுக்கு 60 வாட், பெரியதற்கு 100, அதற்கும் அடங்காததற்கு 200. பல்பு காப்பாற்றுவது செட்டைத்தான். உள்ளே விட்ட கைக்கு அது எந்த உத்தரவாதமும் தராது.

எல்.இ.டி. இந்த வேலைக்கு ஆகாது. சூடேறச் சூடேறத் தடை கூடுகிற டங்ஸ்டன் இழைதான் வேண்டும். அதனால், தெருவிளக்குவரை எல்.இ.டி.க்கு மாறிவிட்ட காலத்தில், சில மேஜை டிராயர்களில் 100 வாட் குண்டு பல்புகள் செய்தித்தாளில் சுற்றப்பட்டு, தங்கம் போலப் பத்திரமாக இருக்கின்றன.

அணைத்த பிறகும் ஆபத்து போய்விடுவதில்லை. 230 வோல்ட்டை நேரடியாக டி.சி.யாக்கும் செட்டில் பெரிய கண்டன்சர் 300 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கும். பிக்சர் டியூப்பின் கண்ணாடியே ஒரு கண்டன்சர்தான். வண்ண டியூப் என்றால் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஏறிய இடம் அது. அங்கே பழகிய கை மட்டுமே போகலாம்.

பெட்டியின் காசுக் கதவு தகரம். வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நிற்கும் பையன் வியர்த்த கையால் தொடுவது அதைத்தான். ஆகவே டிரான்ஸ்பார்மர் எவ்வளவு நல்லதானாலும், அந்தத் தகரத்துக்கு எர்த் வேண்டும். தருமபுரிப் பக்கம் அது அவ்வளவு எளிதல்ல. காவிரி ஒகேனக்கல்லில் விழுவதற்கு முன்பே, 1902-ல் சிவசமுத்திரத்தில் இருந்து கோலார் தங்கச் சுரங்கத்துக்கு மின்சாரம் அனுப்பியிருக்கிறது. தருமபுரியைத் தாண்டி மேட்டூரிலும் மின்சாரம் தருகிறது. மேலேயும் கீழேயும் கரண்ட் பிறக்கும் ஆறு, நடுவே பாறையும் வறட்சியுமான மாவட்டம். காய்ந்த மண் கரண்டை எளிதில் வாங்கிக்கொள்ளாது. கரியும் உப்பும் போட்ட எர்த் குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் சொல்வது இதனால்தான். குடத்துக்கு வரிசையில் நின்ற ஊரில் குழிக்குத் தண்ணீர் கேட்டால் வீட்டுக்காரர் முறைக்கத்தான் செய்வார்.

எல்லாம் சரியாக அமைந்தால் பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கும். டியூப் ‘ம்ம்’ என்று முனகும். சற்று நேரத்தில் முஸ்தபா தொப்பியோடு வந்து காசு கேட்பான். அப்போதுதான் தெரியும்: காசுத் துளை அந்தக் காலத்து 25 மில்லிமீட்டர் ஒரு ரூபாய்க்கு அளவெடுத்தது. 2011-ல் வந்த ரூபாய் 22 மில்லிமீட்டர்தான். போட்டால் கீழே வந்து விழுகிறது.