விட்டுப்போன ஆகஸ்ட்

ஆரத்தி சாஹாவின் கதையை நான் நன்றாகவே சொல்வேன். பதுளைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடங்களின் காலைக்கூட்டங்களில் அதைச் சொல்லிச் சொல்லியே பேர் வாங்கிய டீச்சர் நான். 1940இல் கல்கத்தாவில் பிறந்தவள், பதினொரு வயதில் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நீந்தியவள், 1959 செப்டம்பர் 29ஆம் திகதி பிரான்சின் காப் கிரி நே முனையில் கடலில் இறங்கி, 16 மணி 20 நிமிடம் கழித்து இங்கிலாந்தின் சாண்ட்கேட்டில் கரையேறினாள். ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண். மறு வருடமே பத்மஸ்ரீ. பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

அவர்கள் பீலியில் குளித்து வளர்கிறவர்கள். துன்ஹிந்த நீர்வீழ்ச்சிப் பக்கம் போனாலே வீட்டில் ஏச்சு விழும். கடலைப் படத்தில்தான் பார்த்திருப்பார்கள். அந்தக் குளிரை எப்படிச் சொல்வது? மார்கழி விடியலில் பீலிக்குக் கீழே நிற்கிற மாதிரி, ஆனால் பதினாறு மணித்தியாலம் என்பேன். வரிசையே சிலிர்க்கும்.

நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. ஒரு மாதம் முன்பே, ஆகஸ்ட் 27இல், ஆரத்தி அதே கடலில் இறங்கியிருந்தாள். வழிகாட்டிப் படகு வந்து சேர நாற்பது நிமிடம் பிந்திவிட்டது. அந்தக் கால்வாயில் சுமார் ஆறு மணிக்கொருதரம் நீரோட்டம் திசை மாறும். பிந்தினால் எல்லாக் கணக்கும் பிசகும். கரைக்கு ஐந்து மைல் இருக்கும்போது ஓட்டம் எதிர்த்து வந்தது. மணிக்கணக்கில் நீந்தியும் இரண்டு மைல்தான் நகர்ந்தாள். பிறகு கைவிட்டாள்.

தெரிந்தேதான் விட்டேன். தோல்வியைச் சொன்னால் பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள் என்று ஒரு நினைப்பு. நம்ம வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தனை நான் சொல்லாததற்கும் அதுதான் காரணம். 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்த் திரும்பி நீந்தியவர், 1984இல் அதே ஆங்கிலக் கால்வாயில் உயிரை விட்டார். காலைக்கூட்டத்துக்கு ஆகிற முடிவா அது?

கதையை அப்படிப் பாதியாகச் சொல்லிவந்த காலத்தில், ஓ.எல். பரீட்சை எழுதினாள் ஒரு பிள்ளை. அம்மா கொழுந்து பறிக்கிறவர். கணிதப் பரீட்சையன்று மழை. பாதையில் மண் சரிந்து காலை பஸ் வரவில்லை. கொழுந்து லொறியில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மற்றவர்கள் எழுதத் தொடங்கிவிட்டார்கள். எல்லாப் பாடமும் சித்தி, கணிதம் மட்டும் போய்விட்டது.

மறுபடி எழுத வைக்கலாம் என்று லயத்துக்குப் போனேன். விண்ணப்பப் படிவம் என் கைப்பையில் இருந்தது. வாசற்படியில் உட்கார்ந்து, செருப்பில் ஒட்டிய சேற்றை ஈர்க்கால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"கொழும்புல ஒரு கடையில வேலை இருக்காம் டீச்சர். மாமா கூட்டிட்டுப் போறாரு."

"அடுத்த முறை எழுதலாமே?"

தலையை நிமிர்த்தவில்லை. "ஆரத்தி அக்கா ஒரே தடவையில போயிட்டாங்கதானே டீச்சர். பதினாறு மணி இருபது நிமிஷம். நான் அந்த மாதிரி ஆள் இல்ல."

நிமிடம் பிசகாமல் நினைவு வைத்திருந்தாள். பிந்தி வந்த படகைப் பற்றிச் சொல்ல அதைவிடப் பொருத்தமான வேளை வருமா? சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், இவ்வளவு காலம் பாதியை மறைத்தேன் என்று ஆகிவிடுமே. அவளுடைய தம்பி வேறு பக்கத்தில் நின்று வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். டீச்சரின் மரியாதை முந்திக்கொண்டது. "யோசிச்சுப் பாரு பிள்ள" என்று சொல்லி, கொடுத்த பிளேன் டீயைக் குடித்துவிட்டு வந்தேன். படிவத்தை எடுக்கவே இல்லை.

அவள் போய்விட்டாள். பின்னாளில் தோட்டப் பள்ளிகளுக்கு உதவி ஆசிரியர்கள் எடுத்தபோது அவளோடு படித்த சிலர் உள்ளே வந்தார்கள். கணிதம் இல்லாத அவளுக்கு விண்ணப்பிக்கவே வழியில்லை. தீபாவளிக்கு ஊருக்கு வந்தால் என்னைப் பார்க்காமல் போகமாட்டாள். கடையில் கணக்கெழுதுவது அவள்தானாம். முதலாளிக்கு ஒரு சதம் பிசகாதாம். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள், எனக்குத்தான் பலகாரம் தொண்டையில் இறங்காது.

இப்போது ஆகஸ்டிலிருந்துதான் தொடங்குகிறேன். ஆனந்தனையும் சொல்கிறேன். கைதட்டு குறைந்துவிட்டது, கேள்வி கூடியிருக்கிறது. பெரும்பாலும் படகுக்காரனைப் பற்றித்தான். போன தவணை ஆறாம் வகுப்புப் பொடியன் ஒருவன் எழுந்து, "பிந்தி வந்ததுக்கு அந்த ஆளுக்கு அரைப்பேர்தானே போட்டாங்க டீச்சர்?" என்றான். வேலைக்குப் பிந்தினால் அரை நாள் சம்பளம் என்பது அவன் வீட்டில் அன்றாடப் பேச்சு. முழுப்பேரையே வெட்டியிருக்க வேண்டும் என்றாள் பின்வரிசையிலிருந்து ஒருத்தி. அன்றைக்குப் பாடம் நடக்கவில்லை.