சூப்பியை ஏற்காத பிள்ளை

கிழக்கிலங்கையின் இறக்காமத்திலும் அதன் அயலிலுள்ள வரிப்பத்தான்சேனை, மாணிக்கமடு ஆகிய இடங்களிலும் குடும்ப சுகாதார உத்தியோகத்தராகக் கடமையாற்றி ஓய்வுபெற்றிருக்கும் என் மனத்தை, அண்மையில் ஒரு கூட்டத்தில் கற்றறிந்த ஒருவர், தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்குப் போத்தல் பழக்குவதில் என்ன வித்தை இருக்கிறது, பசித்தால் தானே குடிக்கும் என்று சொன்ன வார்த்தை இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது. பசித்தால் குடிக்காது. பசி முற்றி அழத் தொடங்கிவிட்ட பிள்ளை, தான் அறியாத சூப்பியை, அந்த றப்பர் முனையை, ஏற்பதில்லை என்பதைக் கிளினிக்கில் கூடும் எந்த மூத்தம்மாவும் அறிவாள்.

போத்தலுக்குப் பரிந்து பேசுகிறவள் என்று என்னை யாரும் எண்ணவேண்டாம். பூரணமாக இரண்டு வருஷம் பாலூட்டும்படி குர்ஆன் உபதேசிக்கிற சமூகத்தில் பிறந்தவள் நான். 1939 ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், தாய்ப்பாலுக்குப் பதில் டின்பாலைப் பிரசாரம் செய்து பரப்புவது கொலைக்கு ஒப்பானது என்று பகிரங்கமாகப் பேசியதையும், 1981 இல் உலக சுகாதார சபை பால்மா விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் விதிக்கோவையை அங்கீகரித்ததையும் நன்றியோடு நினைக்கிறேன். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே. தாய் விலகியிருக்க நேர்ந்தால் பிழிந்தெடுத்த பாலைக் கோப்பையால் ஊட்டுவதே உத்தமம் என்று வீடு வீடாகச் சொல்லியிருக்கிறேன். ஆயினும் பிரசவ லீவு முடிந்து பள்ளிக்கூடத்துக்குத் திரும்பும் ஆசிரியையும், ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்கு விடியற்காலையில் ஓடுகிறவளும், குவைத்துக்கோ றியாத்துக்கோ விமானமேறுகிறவளும் போத்தலை வாங்கத்தான் செய்கிறார்கள். வாங்கக்கூடாது என்பதைத் தவிர வேறெதையும் சொல்ல எங்களுக்கு அனுமதியில்லாதபடியால், அதைப் பிடிக்கும் முறையைக் கடைக்காரனிடமே அவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

கஷ்டம் எங்கே தொடங்குகிறதென்றால், பிறந்த சிசு வாயில் பட்டதை அனிச்சையாக உறிஞ்சும். மூன்று நான்கு மாதம் கடந்தபின் உறிஞ்சுவதும் விடுவதும் அதன் இஷ்டமாகிவிடும். அரசாங்கம் கொடுக்கும் முழுச் சம்பள லீவோ 84 வேலை நாள். அதாவது பிள்ளைக்குச் சுயபுத்தி வருகிற அந்தச் சமயத்திலேயே தாய் வேலைக்குப் போகிறாள். "மிஸ்ஸி, புள்ள சூப்பிய எடுக்குதில்ல, நாளண்டைக்கு ஸ்கூல் துறக்குது" என்று கண்கலங்கி வந்து நின்றவர்கள் அநேகர். அவர்களுக்கு நான் முதலிற் சொல்வது, "மகள், நீங்க கொஞ்சம் வெளிய போய் இரிங்க, உங்கட உம்மா குடுக்கட்டும்" என்பதே. தாயின் மணம் மூக்கில் பட்டுக்கொண்டிருக்கும்வரை பிள்ளை றப்பரை எதற்காக ஏற்கவேண்டும்? பசி இலேசாகத் தலைகாட்டும்போது, தூக்கக் கலக்கம் முற்றாகத் தெளியுமுன், வெந்நீரில் நனைத்து இளஞ்சூடாக்கிய சூப்பியை மேலுதட்டில் தொட்டுத் தொட்டு எடுத்து, பிள்ளை தானே வாயை அகலத் திறக்கும்வரை காத்திருக்கவேண்டும், திணிக்கலாகாது. தலையைத் திருப்பினால் அன்றைக்கு அவ்வளவுதான், மறுநாள் பார்க்கலாம். இரண்டு வாரம் முன்கூட்டித் தொடங்கியவளுக்கு இந்தப் பொறுமை சாத்தியம்; பள்ளிக்கூடம் திறக்க இரண்டு நாளிருக்கையில் வருகிறவளுக்கு நான் கோப்பையையே கொடுத்தனுப்பினேன். பிள்ளையை நிமிர்த்தி மடியில் வைத்து, கோப்பையின் விளிம்பைக் கீழுதட்டில் பொருத்தி, பால் உதட்டைத் தொடுமளவு சாய்த்துப் பிடித்தால், நான்கு மாதப் பிள்ளை அழகாக உறிஞ்சி எடுத்துக்கொள்ளும். வாய்க்குள் ஊற்றுவது மகா பாதகம்.

பிள்ளை போத்தலை ஏற்றபின்னும் ஊட்டும் விதம் ஒன்றுண்டு. மார்பில் பால் இறங்க முதலில் சற்று நேரம் உறிஞ்சவேண்டும். இறங்கியபின்னும் பிள்ளை இழுத்தால் வரும், நிறுத்தினால் நிற்கும். தலைகீழாகக் கவிழ்த்த போத்தலிலோ, மடைக்கதவு திறந்த வாய்க்கால் போல, கேட்டாலும் கேளாவிட்டாலும் பால் வந்துகொண்டேயிருக்கும். ஆகவே பிள்ளையைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி, போத்தலைக் கிடையாகப் பிடித்து, நாலைந்து மிடறுக்கு ஒருமுறை தாழ்த்தி மூச்சுவிட இடங்கொடுத்து, இடையிலே தோளில் சாய்த்து ஏவறை விடவைத்து ஊட்டவேண்டும். புருவம் சுருங்குவதும், விரல்கள் விரிவதும், கடைவாயில் பால் வழிவதும் நிறுத்தென்று பிள்ளை சொல்லும் பாஷை.

இதை வித்தையல்ல என்போர் மூதூர் ரிசானா நபீக்கை நினைக்கட்டும். பிறப்புப் பத்திரத்தின்படி பதினேழே வயதான அந்தப் பெண், கடவுச்சீட்டில் வயது கூட்டப்பட்டு 2005 இல் சவூதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாகச் சென்று, சென்ற சில வாரங்களுக்குள்ளேயே நான்கு மாதச் சிசுவொன்றுக்குப் போத்தலில் பாலூட்டும் பொறுப்பில் விடப்பட்டாள். பால் புரையேறிப் பிள்ளை இறந்தது என்று அவள் சொன்னாள். கொலை என்று நீதிமன்றம் தீர்த்தது. 2013 ஜனவரி 9 இல் மரணதண்டனை நிறைவேறியது. பச்சைப் பிள்ளையைக் கையில் ஏந்தவே பழகாத ஒரு சிறுமியிடம் போத்தலைக் கொடுத்தவர்கள்மீது எனக்குள்ள கோபம் இன்றுவரை ஆறவில்லை.

இக்காலத்து இளந்தாய்மார் கைத்தொலைபேசியில் பார்த்துப் பழகுகிறார்கள். பால் மெதுவாக வருகிறதென்று சூப்பியின் துவாரத்தைச் சூடேற்றிய ஊசியால் பெருப்பிக்கிறார்கள். தலையணையில் போத்தலைச் சாய்த்துவிட்டு அடுக்களைக்குப் போகிறார்கள். பிஸ்கட்டைக் கரைத்து ஊற்றுகிறவர்களும் உண்டு. ஒரே வீட்டில் மச்சிமார் இருவர் பாலூட்டுகையில், குளிர்சாதனப் பெட்டியில் வைக்கும் பாலில் யாருடையதென்று எழுதி ஒட்டவேண்டும் என்ற நினைவுகூட இல்லை. ஒருத்தியின் பாலை மற்றவளின் பிள்ளை ஐந்து தடவை குடித்துவிட்டால், ஷாபிஈ மத்ஹபின்படி அவ்விரு பிள்ளைகளும் பால்குடிச் சகோதரர். பிற்காலத்தில் விவாகம் விலக்கு. அந்தக் காலத்து மூத்தம்மாமார் இதை ஒருபோதும் மறந்ததில்லை. புதிதாக நியமனம் பெற்றுவரும் உத்தியோகத்தர்களோ நிறையைக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கோப்பையை எந்த உதட்டில் பொருத்துவது என்று ஒருத்தியிடம் கேட்டேன். அதை நாங்கள் செய்து பார்த்ததில்லை, படத்தில் கண்டிருக்கிறோம் என்றாள்.