விழுப்புரத்தில் ஏறி, திண்டிவனத்தில் இறங்குமுன்...

சித்திரை வெயிலில் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் நின்றால் தரையும் சுடும், பஸ் கம்பியும் சுடும். திண்டிவனத்தில் ஒரு வளைகாப்புக்காக நானும் நாத்தனார் மகளும், அவளுடைய நாலு மாதக் கைக்குழந்தையோடு கிளம்பியிருந்தோம். நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் இடம் கிடைத்ததென்னவோ வெயில் பக்கம்தான்!

பஸ் புறப்பட்டதும் அவள் சன்ஸ்கிரீன் ட்யூபை எடுத்து முகத்தில் பூசிக் கொண்டாள். மீதியைக் குழந்தையின் கன்னத்தில் தடவப் போனபோது, முன் சீட்டில் தலைத்துண்டோடு இருந்த ஓர் அம்மாள் திரும்பி, "ஏம்மா, பச்சப் புள்ளைக்கு இன்னாத்தப் பூசற?" என்றாள். இவளுக்குச் சுருக்கென்றது.

"அத்தை, பூசக் கூடாதா?"

ட்யூபின் பின்பக்கத்தைப் பார்த்தேன். பொடி எழுத்தில் ஆக்ஸிபென்சோன். இது ஹார்மோன்களைப் பாதிக்குமோ என்ற சந்தேகத்தில் ஐரோப்பாவில் 2022ல் இதன் அளவைக் குறைத்துவிட்டார்கள். உடம்பில் பூசுவதில் 2.2 சதவிகிதம்தான். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் பூசிப் பார்த்து, 2019லும் 2020லும் இது ரத்தத்தில் கலப்பதைக் கண்டார்கள். தாய்ப்பாலிலும் தென்பட்டிருக்கிறது. கலப்பதாலேயே கெடுதல் என்று அர்த்தமில்லை என்றும் அவர்களே சொன்னார்கள். அதனால் பயந்து நடுங்க வேண்டாம்.

"பால் கொடுக்கிற வரைக்கும் ஜிங்க் ஆக்ஸைடு இருக்கிறதா வாங்கிக்கோ" என்றேன். காலமைன் லோஷனில் இருக்கும் அதே துத்தநாகச் சரக்குதான். தோலின் மேலேயே நின்றுவிடும். விபூதி பூசின மாதிரி வெள்ளையாகத் தெரியும், அதுதான் நம் பெண்களுக்குப் பிடிப்பதில்லை!

குழந்தைக்கோ, ஆறு மாதம் வரை எந்த சன்ஸ்கிரீனும் பூசாமலிருப்பதே நல்லது. தோல் மெல்லிசு. எடையோடு பார்த்தால் தோலின் பரப்பும் அதிகம். பூசுவது நம்மைவிட அதிகமாக உள்ளே போகும். நிழல், தொப்பி, மெல்லிய பருத்திச் சட்டை, இவை போதும்.

முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் பாதி பஸ் காலியாயிற்று. சட்டென்று நிழல் பக்கம் மாறி உட்கார்ந்தோம். இது முதலிலேயே தோன்றியிருக்கக் கூடாதோ! விக்கிரவாண்டியில் இறங்கிய அம்மாள், "நான் கள எடுக்கப் போறேம்மா, எனக்கு இந்தத் துண்டுதான் எல்லாம்" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

திண்டிவனம் மருந்துக் கடையில் இவள் நாலு ட்யூபைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. ஐந்தாவதில் ஜிங்க் ஆக்ஸைடு இருந்தது.