சிப் வந்தாச்சு... மாவு அரைக்க ஆள் வந்தாச்சா?

2025 ஆகஸ்ட் 9. டெபியன் என்ற இலவச இயங்குதளத்தின் 13-வது பதிப்பு அன்றுதான் வெளியானது. ரிஸ்க்-ஃபைவ் என்ற புது வகை சிப்புக்கு அதில் முதல்முறையாக அதிகாரபூர்வ இடம் கிடைத்தது. அதே பதிப்பில், 32-பிட் மட்டுமே தெரிந்த பழைய இன்டெல் கணினிகளில் இனி புதிதாக இன்ஸ்டால் செய்ய முடியாது என்றானது. மிப்ஸ் என்ற சிப் குடும்பம் மொத்தமாகவே வெளியேறியது. ஒரே வீட்டில், ஒரே நாளில், ஒரு வரவேற்பும் இரண்டு வழியனுப்பும்!

2008 வாக்கில் வந்த குட்டி நெட்புக்குகள் பலவும் அந்த 32-பிட் ரகம்தான். பரணில் இருந்து எடுத்து சார்ஜ் போட்டால் சில இன்னமும் உயிர்பெறும். ஸ்கிரீன் ஒளிரும், கீபோர்டு வேலை செய்யும். ஆனால், புது சாஃப்ட்வேர் வராது. இயந்திரம் பழுதாகவில்லை, அதற்குச் சமைப்பவர்கள்தான் குறைந்துபோனார்கள்.

சமையல் என்பது சும்மா சொல்லவில்லை. புரோகிராமர் எழுதுவது அரிசி, உளுந்து மாதிரி. அதை அப்படியே சிப்பால் சாப்பிட முடியாது. அரைத்து மாவாக்க வேண்டும். அரைக்கும் கிரைண்டருக்கு கம்பைலர் என்று பெயர். ஒவ்வொரு சிப் குடும்பத்துக்கும் தனி மாவு. லேப்டாப்பில் இருக்கும் இன்டெல் சிப்புக்கு அரைத்தது, போனில் இருக்கும் ஆர்ம் சிப்புக்கு ஒத்துவராது. அதிகம் பேர் வைத்திருக்கும் சிப் என்றால் கவலை இல்லை. கடையில் பாக்கெட் மாவு தயாராக இருக்கும். அந்த ரெடிமேட் பாக்கெட்தான் பேக்கேஜ். அபூர்வ சிப் என்றால்? ஊறவைப்பதில் தொடங்கி எல்லாம் நீங்களே!

ஒரு ஹாஸ்டல் அறையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இறுதியாண்டு மாணவர் ஒருவர், ரிஸ்க்-ஃபைவ் சிப் உள்ள ஒரு சிறிய போர்டை வாங்கியிருக்கிறார். முகத்தைப் பார்த்து வருகைப்பதிவு எடுக்கும் புராஜெக்ட். லேப்டாப்பில் ஒரு வரி கட்டளை கொடுத்தார், இரண்டு நிமிடத்தில் தேவையானதெல்லாம் வந்து இறங்கியது. அதே வரியைப் போர்டில் கொடுத்தால், ரெடிமேட் பாக்கெட் இல்லை என்று அதுவே அரைக்கத் தொடங்கிவிட்டது. இரவு 11 மணிக்கு ஊரில் இருந்து அம்மா போன் செய்கிறார்.

``இன்னும் தூங்கலையாப்பா?''

``கம்பைல் ஆகிட்டு இருக்கும்மா.''

``அது வேகுறதுக்கு நீ ஏன் முழிச்சிருக்கே?''

நியாயமான கேள்விதான். ஆனால், அதிகாலையில் அது நின்றுபோகும். `இன்ன ஃபைல் இல்லை' என்று ஒரே ஒரு வரி வரும். அந்த ஃபைல் இன்னொரு பேக்கேஜுக்குள் இருக்கும். அதை அரைக்க மூன்றாவது ஒன்று வேண்டும். இவற்றுக்குத்தான் டிபெண்டன்சி என்று பெயர். `அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது' என்பார்கள். இங்கே ஒரு தேருக்கு நூறு அச்சாணிகள்.

இதில் பெரிய சிக்கல், கிரைண்டரே இல்லாத வீடு. ரஸ்ட் என்ற மொழியின் கம்பைலர், ரஸ்ட் மொழியிலேயே எழுதப்பட்டது. புது சிப்பில் அதை உருவாக்க, ஏற்கெனவே ஒரு ரஸ்ட் கம்பைலர் வேண்டும். கோழி முந்தியா, முட்டை முந்தியா கதைதான். அதனால், முதல் ஈடை வேறு கணினியில் அரைத்து எடுத்துவருவார்கள். அதற்கும், அந்த சிப்பின் மொழியைக் கம்பைலருக்கு யாராவது ஏற்கெனவே கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

அப்படி உட்கார்ந்து அரைத்தவர்களால்தான் ராஸ்பெர்ரி பை இன்று இருக்கும் இடத்துக்கு வந்தது. 2012 பிப்ரவரியில் அந்த மலிவு விலை கணினி விற்பனைக்கு வந்தபோது, அதன் சிப் டெபியனில் இரண்டுங்கெட்டான் நிலையில் இருந்தது. புது ஆர்ம் சிப்புகளுக்கான பதிப்பு அதில் ஓடாது. பழையவற்றுக்கான பதிப்பு ஓடும். ஆனால், புள்ளி வைத்த எண்களை வேகமாகக் கணக்கிட சிப்புக்குள் இருந்த தனிப் பகுதியைத் தொடவே தொடாது. மைக் தாம்ப்சன், பீட்டர் கிரீன் என்ற இருவர் முன்னின்று, 35,000-க்கும் மேற்பட்ட பேக்கேஜ்களை அந்த ஒரு சிப்புக்காக மறுபடி அரைத்தார்கள். 2012 ஜூனில் முதல் சுற்று முடிந்தது. அதுதான் ராஸ்பியன். லட்சக்கணக்கான பிள்ளைகள் அதில்தான் முதல் புரோகிராம் எழுதினார்கள்.

எல்லாச் சிப்புக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. 2021 பிப்ரவரியில், பைத்தான் உலகில் பலரும் பயன்படுத்தும் `கிரிப்டோகிராஃபி' என்ற பேக்கேஜ், தன் 3.4 பதிப்பில் ரஸ்டைக் கட்டாயமாக்கியது. ரஸ்ட் கம்பைலர் இல்லாத ஆல்ஃபா, எச்.பி-யின் பழைய பி.ஏ-ரிஸ்க் போன்ற சிப்புகளின் பயனாளர்கள் திகைத்துப்போனார்கள். கோபக்குரல்கள் எழுந்தன. ஆனால், எழுதியவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ரகசியங்களைக் காக்கும் சாஃப்ட்வேர் அது. மெமரியைக் கையாள்வதில் நேரும் பல ஆபத்தான பிழைகளை ரஸ்ட் தடுத்துவிடும். கோடிக்கணக்கானவர்களின் பாதுகாப்பா, சில நூறு பேரின் பழைய இயந்திரமா என்று வந்தால், தராசு எந்தப் பக்கம் சாயும் என்பது தெரிந்ததே.

2025 அக்டோபர் கடைசியில் அந்தத் தராசு டெபியனுக்குள்ளேயே வந்தது. பேக்கேஜ்களைக் கொண்டுவந்து இன்ஸ்டால் செய்யும் `ஏ.பி.டி' என்ற கருவிக்கே, 2026 மே மாதத்துக்குப் பிறகு ரஸ்ட் கட்டாயம் ஆகலாம் என்ற அறிவிப்பு வந்தது. ரஸ்ட் இல்லாத சிப்புகளைக் கவனிப்பவர்களுக்கு ஆறு மாத அவகாசம். அதற்குள் கம்பைலரைக் கொண்டுவர வேண்டும், இல்லையேல் கடையைக் கட்ட வேண்டும்.

இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? சென்னை ஐ.ஐ.டி-யில் உருவான `சக்தி' பிராசஸர், ரிஸ்க்-ஃபைவ் குடும்பத்தைச் சேர்ந்தது. 2025 பிப்ரவரியில், சக்தியை அடிப்படையாகக் கொண்ட `ஐரிஸ்' சிப்பை இஸ்ரோவும் ஐ.ஐ.டி-யும் சேர்ந்து அறிமுகப்படுத்தின. சண்டிகரில் தயாரான சிப் அது. விண்வெளியில் ஒரே வேலையைச் செய்யும் சிப்புக்கு ஆயிரக்கணக்கான பேக்கேஜ்கள் தேவையில்லை. ஆனால், நாளை உள்நாட்டு சிப்பில் ஒரு லேப்டாப் வந்து, அது பள்ளி மாணவியின் மேசைக்குப் போக வேண்டும் என்றால் எல்லாமே தேவை. டெபியன் 13-ல் இருக்கும் பேக்கேஜ்கள் மட்டுமே கிட்டத்தட்ட 70,000.

ரிஸ்க்-ஃபைவ், டெபியனின் வெளித்திண்ணைப் பட்டியலில் உட்கார்ந்தது 2018-ல். வீட்டுக்குள் அழைக்கப்பட்டது 2023-ல். முழுப் பதிப்பாக வெளியானது 2025-ல். இந்த ஏழு ஆண்டுகளில் நடந்தது பெரிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. எந்த பேக்கேஜ் எங்கே உடைகிறது என்று பார்ப்பது, நான்கு வரி திருத்துவது, எழுதியவருக்கு அனுப்புவது, மறுபடி அரைப்பது. இவ்வளவுதான். ஆனால், அதைச் சலிக்காமல் செய்ய மனிதர்கள் இருந்தார்கள்.

இந்த வேலைக்குக் கோடிக்கணக்கில் முதலீடு வேண்டாம். ஒரு கணினி, இணையம், பொறுமை இருந்தால் எந்த ஊர் மாணவரும் செய்யலாம். நம் கல்லூரிகளில் புதிதாக ஒரு ஆப் செய்து காட்டினால் புராஜெக்ட் மதிப்பெண் கிடைக்கிறது. உடைந்த பேக்கேஜ் ஒன்றைச் சரிசெய்து, உலகம் முழுக்க அடுத்தவருக்கு அந்த இரவு மிச்சமாகும்படி செய்த மாணவருக்கும் அதே மதிப்பெண் கிடைக்க வேண்டும்.