மதுப்புட்டியின் இரு பயணங்கள்: கீழ்பென்னாத்தூர்ச் சாலையில் பெட்டியும் சாக்கும்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி நோக்கிச் செல்லும் தடத்தில் அமைந்த கீழ்பென்னாத்தூர், நெல்லும் நிலக்கடலையும் கரும்பும் விளையும் ஒரு வட்டத்தின் தலைமையிடமாகவும் பேரூராட்சியாகவும் விளங்குகிறது. கண்ணாடிப் புட்டிகளில் அடைத்த மதுவை உடையாமல் கொண்டு சேர்க்கும் தொழிலை அறிய விரும்புவோர் பொதுவாகப் புட்டி நிரப்பும் ஆலைகளையே நாடுவர்; ஆனால் ஆலையில் புட்டி பெட்டிக்குள் இறங்கும் காட்சி மட்டுமே கிடைக்கும். நிரம்பிய புட்டி பெட்டியோடு வந்து இறங்குவதையும், குடித்து முடித்த பின் அதே புட்டி சாக்கில் ஏறிப் புறப்படுவதையும் அருகருகே வைத்துப் பார்ப்பதற்கு இத்தகைய வேளாண் ஊரே ஏற்ற களமாகும். இவ்விரு பயணங்களில் ஒன்றுக்குக் கிடைத்த அறிவும் கவனமும் மற்றதற்குக் கிடைக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் மையக் கருத்து.

தமிழ்நாட்டில் மதுவின் மொத்த விற்பனைக்காக 1983ஆம் ஆண்டு மே மாதம் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது மக்கள் நாவில் வழங்கும் டாஸ்மாக், தொடங்கப்பட்டது. 2003 நவம்பர் 29 முதல் சில்லறை விற்பனையும் அதன் வசமானது. ஆலையிலிருந்து கிடங்குக்கும், கிடங்கிலிருந்து கடைக்கும் லாரிகளில் செல்லும் இச்சரக்கின் அலகு புட்டி அன்று, பெட்டியே ஆகும். சுமை தூக்குவோரும் கடை மேற்பார்வையாளரும் அதனைக் ‘கேஸ்’ என்றே குறிப்பிடுவர். 180 மி.லி. கொண்ட குவார்ட்டர் 48, 375 மி.லி. கொண்ட ஆஃப் 24, 750 மி.லி. கொண்ட ஃபுல் 12 என ஒரு பெட்டி அமைகிறது. மூன்றிலும் உள்ளிருக்கும் மதுவின் அளவு ஏறத்தாழ 9 லிட்டர் என்ற ஒரே எல்லையில் நிற்கிறது. ஒருவர் ஒரே மூச்சில் தூக்கித் தோளில் வைத்து நடக்கக்கூடிய சுமை இது. பீர் மட்டும் 650 மி.லி. புட்டிகள் 12 கொண்ட பெட்டியாக வருகிறது.

ஒரு பெட்டியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது புட்டியன்று, புட்டிகளுக்கிடையே குறுக்கும் நெடுக்குமாகக் கோத்துச் செருகப்பட்டிருக்கும் தடுப்பு அட்டைகளே. பார்வைக்கு அற்பமான இந்த அட்டைகளிலேயே இத்தொழிலின் உயிர்நாடி இருக்கிறது. கண்ணாடி அழுத்தத்தைத் தாங்குவதில் வலிமை மிக்கது. நிமிர்த்தி வைத்த புட்டியின் தலைமேல் வேறு பல பெட்டிகளின் பாரத்தை ஏற்றினாலும் அது அசைவதில்லை. ஆனால் இழுவிசைக்கு, அதாவது பொருளைப் பிளக்க முயலும் விசைக்கு, அது மிக எளிதில் பணிந்துவிடுகிறது. இதற்கான காரணத்தை ஆலன் கிரிஃபித் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் 1921இல் விளக்கினார்: கண்ணாடியின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்கீறல்கள் இருக்கின்றன, இழுவிசை முழுவதும் அக்கீறலின் முனையில் குவிகிறது, அங்கிருந்தே பிளவு பாய்கிறது. இக்கீறல்களை மிக எளிதாக உண்டாக்கும் பொருள்களுள் ஒன்று இன்னொரு கண்ணாடி. ஆகவே நூறு கிலோமீட்டர் தொலைவு லாரியில் ஒன்றோடொன்று உரசி வரும் இரு புட்டிகள், வழியில் உடையாவிட்டாலும், இறக்கும்போது ஏற்படும் சிறு தட்டலுக்கே உடையும் நிலைக்கு வந்துவிடுகின்றன. தடுப்பு அட்டை மோதலின் அதிர்ச்சியை ஓரளவு வாங்கிக்கொள்கிறது என்பது உண்மையே. எனினும் கண்ணாடி கண்ணாடியைத் தொடாமல் காப்பதே அதன் முதற்கடமை.

பெட்டி செய்யப் பயன்படும் நெளி அட்டையின் வரலாறும் புட்டியோடு பிணைந்ததே. இரண்டு தட்டையான தாள்களுக்கிடையே அலைபோல் நெளிந்த தாளை ஒட்டிச் செய்வது நெளி அட்டை. நெளிவுகளின் வளைவில் பிறக்கும் விறைப்பு மெல்லிய தாளுக்கு மரப்பலகையின் வேலையைச் செய்யும் திறனைத் தருகிறது. இங்கிலாந்தில் 1856இல் உயரத் தொப்பிகளின் உள்விளிம்புக்காக நெளித்தாள் காப்புரிமை பெற்றது. அதனைப் பொதி கட்டுவதற்குக் கொண்டுவந்தவர் நியூயார்க்கைச் சேர்ந்த ஆல்பர்ட் ஜோன்ஸ். புட்டிகளையும் விளக்குக் கண்ணாடிகளையும் சுற்றிக் கட்டுவதற்காகவே அவர் 1871இல் காப்புரிமை பெற்றார். இன்று உலகெங்கும் பழமும் துணியும் மின்கருவியும் செல்லும் அட்டைப்பெட்டி, தொடக்கத்தில் புட்டியின் உடைப்பைத் தடுக்கப் பிறந்த பொருளின் வழித்தோன்றல் என்பது நினைவில் வைக்கத்தக்கது.

அட்டை வருவதற்கு முன் இவ்வேலையை வைக்கோல் செய்தது. ஐரோப்பாவில் ஒவ்வொரு மதுப்புட்டிக்கும் வைக்கோலால் உறை பின்னிப் போட்டு மரப்பெட்டியில் அடுக்கும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. கீழ்பென்னாத்தூர் போன்ற நெல் விளையும் ஊர்களுக்கு இந்த அறிவு வெளியிலிருந்து வந்ததன்று. உருண்டை அடி கொண்ட மண்பானை சாயாமலும் தரையில் மோதாமலும் இருக்க வைக்கோலைப் பிரியாகத் திரித்து வளையமாகச் செய்யும் பிரிமணையும், குயவர்கள் வண்டியில் பானை ஏற்றும்போது ஒவ்வோர் அடுக்குக்கும் இடையே பரப்பும் வைக்கோலும், ‘மட்கலம் மட்கலத்தைத் தொடலாகாது’ என்ற அதே விதியைத்தான் பின்பற்றுகின்றன. உமியும் மரத்தூளும் இதே நோக்கத்துக்குப் பயன்பட்டவை. வைக்கோலுக்கு ஒரு குறை உண்டு: ஈரம் பட்டால் அமுங்கிவிடும், அமுங்கிய இடத்தில் வெற்றிடம் உண்டாகும், வெற்றிடத்தில் புட்டி ஆடத் தொடங்கும். பொதி கட்டுவோர் அனைவரும் அஞ்சுவது இந்த ஆட்டத்தையே. நன்றாகக் கட்டிய பெட்டியைக் குலுக்கினால் ஓசை எழக்கூடாது என்பது இன்றும் மாறாத சோதனை.

பெட்டி எவ்வளவு நன்றாக வடிவமைக்கப்பட்டிருந்தாலும், அதன் இறுதிப் பாதுகாப்பு லோடுமேன் எனப்படும் சுமை தூக்குவோரின் கையில் இருக்கிறது. இத்தொழிலைப் பற்றிய எழுத்துகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் அந்தக் கையே. தேர்ந்த சுமைதூக்குபவர் பெட்டியைக் கட்டியிருக்கும் பட்டையைப் பிடித்துத் தூக்குவதில்லை. எதிரெதிர் மூலைகளில், ஒரு கையை அடியிலும் மறுகையை மேல்விளிம்பிலும் கொடுத்துத் தூக்குகிறார், ஏனெனில் பெட்டியின் வலிமை சுவர்களின் நடுப்பகுதியில் இல்லை, நான்கு செங்குத்து மூலைகளில் இருக்கிறது. அடுக்கும்போது மூலைமேல் மூலை நேராக வருமாறு வைப்பதும் அதனாலேயே. செங்கல் அடுக்குவதுபோல் மாற்றி மாற்றி அடுக்கினால் அடுக்கு சரியாமல் நிற்கும், ஆனால் மேற்பெட்டியின் மூலை கீழ்ப்பெட்டியின் வலுவற்ற நடுவில் அமர்ந்து அதனை அமுக்கிவிடும். பெட்டியின் அடியில் ஈரத்திட்டும் நெடியும் தெரிந்தால் உள்ளே ஒரு புட்டி போயிற்று என்று உணர்ந்து, அப்பெட்டியைத் தூக்காமல் அடியில் அட்டை கொடுத்து நகர்த்துகிறார்கள். நனைந்த நெளி அட்டை தன் உறுதியின் பெரும்பகுதியை இழந்துவிடும். அடி பிய்ந்தால் எஞ்சிய புட்டிகளும் காலில் விழும். ஒரு புட்டியின் உடைப்பு ஒரு பெட்டியின் உடைப்பாகப் பெருகும் வழி இதுதான்.

இந்த அனுபவ அறிவை ஆய்வுக்கூடங்கள் எண்களாக்கியிருக்கின்றன. 1948இல் அமெரிக்காவில் தொடங்கிய பன்னாட்டுப் பாதுகாப்பான போக்குவரத்துச் சங்கத்தின் அடிப்படைச் சோதனை முறையில், சுமார் 10 கிலோவுக்கு உட்பட்ட பொதி 76 செ.மீ. உயரத்திலிருந்து பத்து முறை போடப்படுகிறது: ஒரு மூலை, அம்மூலையில் கூடும் மூன்று விளிம்புகள், ஆறு பக்கங்கள். எடை கூடக்கூட உயரம் குறைகிறது, ஏனெனில் கனமான பெட்டியை மனிதர் தாழ்வாகவே தூக்குவர். அதாவது, சோதனையின் அளவுகோலே சுமப்பவரின் உடலிலிருந்து பெறப்பட்டது. இந்தியாவில் இத்தகைய சோதனைகளுக்கும் பயிற்சிக்கும் 1966இல் நிறுவப்பட்ட இந்தியப் பொதியியல் நிறுவனம் இருக்கிறது; மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட அதற்குச் சென்னையிலும் மையம் உண்டு.

திருவண்ணாமலை மாவட்டத்தின் கோடை, பொதி கட்டுவோர் கணக்கில் கொள்ள வேண்டிய இன்னொரு விசையாகும். எரிசாராயம் வெப்பத்தில் தண்ணீரைவிடப் பல மடங்கு விரிவடையும் தன்மையுடையது. 42.8 விழுக்காடு சாராயம் கொண்ட 750 மி.லி. மது, வெப்பநிலை 20 பாகை செல்சியஸ் உயர்ந்தால் சுமார் 10 மி.லி. அளவுக்குப் பருமனில் கூடக்கூடும். புட்டியின் கழுத்தில் விடப்படும் வெற்றிடம் இவ்விரிவுக்கான இடமே அன்றி, அளவுக் குறைவு அன்று. பீரின் நிலை வேறு. அதில் கரைந்திருக்கும் கரியமிலவாயு வெயிலில் அழுத்தத்தைப் பெருக்குவதால், கீறல் விழுந்த பீர்ப்புட்டி தட்டாமலேயே வெடிக்கவும் கூடும். தார்ப்பாயின் கீழ் நண்பகலில் நிற்கும் லாரியைவிட விடியலில் இறக்கும் லாரி பாதுகாப்பானது என்று தொழிலாளர் கருதுவதில் அறிவியல் உண்மை இருக்கிறது.

தனி மனிதர் மதுப்புட்டியைப் பொதி கட்டும் தேவை தமிழ்நாட்டுக்குள் மிகக் குறைவு. 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தின்படி மதுவை இடம் மாற்றுவது உரிமத்துக்கும் வரம்புக்கும் உட்பட்டது. அதனால் அஞ்சலிலோ கூரியரிலோ புட்டியை அனுப்ப எவரும் முனையலாகாது. இச்சாலை சென்று சேரும் புதுச்சேரியிலிருந்து விலை குறைவு என்று கொண்டுவருவோரும் இச்சட்டத்தின் பிடிக்குள் வருகின்றனர். வெளிநாட்டிலிருந்து திரும்புவோர் தம் பெட்டியில் கொண்டுவருவதே பெரும்பாலும் எஞ்சும் வழி. சுங்கவரி இன்றி ஒருவர் 2 லிட்டர் கொண்டுவரலாம். 70 விழுக்காட்டுக்கு மேல் சாராயம் கொண்ட மது விமானத்தில் ஏறவே இயலாது. அவ்வாறு கொண்டுவரும் புட்டியின் மூடியை இறுக்கி, நெகிழிப் பையில் இட்டுக் கட்டி, காற்றுக்குமிழித் தாளால் கழுத்துப் பகுதியைக் கூடுதலாகச் சுற்றி, பெட்டியின் எந்தச் சுவரையும் தொடாதவாறு துணிகளின் நடுவே வைத்தால் போதுமானது. கழுத்தும் அடிவிளிம்புமே முதலில் உடையும் பகுதிகள். பலர் புட்டியின் வயிற்றை மட்டும் சுற்றிவிட்டு அவ்விரண்டையும் விட்டுவிடுகின்றனர்.

இதுவரை கூறிய அறிவு முழுவதும் நிரம்பிய புட்டிக்கு உரியது. கடையில் பெட்டி திறக்கப்பட்டதும் தடுப்பு அட்டைகள் உருவப்பட்டு, பெட்டி மடிக்கப்பட்டு, பழைய தாள் வாங்குவோரிடம் எடைக்குப் போய்விடுகிறது. காலியான புட்டி சாலையோரம், ஏரிக்கரை, வரப்பு எனக் கிடந்து, அவற்றைப் பொறுக்கி விற்று வாழ்வோரின் சாக்கில் சேர்கிறது. கோணிச் சாக்கில் புட்டியும் புட்டியும் நேரடியாக உரச, வாய் தைக்கப்பட்டு, காயலான் கடைக்கும் அங்கிருந்து புட்டி கழுவும் இடங்களுக்கும் செல்லும் இப்பயணத்தில் தடுப்பும் இல்லை, அளவும் இல்லை, சோதனையும் இல்லை. சாக்கின் அடியில் சில்லுகள் சேர்வது இயல்பாகவே கொள்ளப்படுகிறது. அச்சில்லுகளைப் பிரித்தெடுப்பவை பெரும்பாலும் உறையில்லாத கைகள். பெண்களும் முதியோரும் மிகுதியாக ஈடுபடும் இவ்வேலையில் விரலில் தழும்பில்லாத ஒருவரைக் காண்பது அரிது. பொறுக்கப்படாமல் விடப்பட்டவை சேற்றில் புதைந்து, நாற்று நடுவோரின் காலையும் உழவு மாட்டின் குளம்பையும் கிழிக்கின்றன. தமிழ்நாட்டு உழவர்கள் பல்லாண்டுகளாக எழுப்பிவரும் குறை இது.

இதற்கு ஒரு வழி நீலகிரியில் திறந்தது. காட்டுயிர்களின் கால்களைக் கண்ணாடிச் சில்லுகள் காயப்படுத்துவதைக் கருத்தில் கொண்ட சென்னை உயர் நீதிமன்றத்தின் அறிவுறுத்தலைத் தொடர்ந்து, 2022 மே மாதத்தில் அங்கு புட்டி ஒன்றுக்கு 10 ரூபாய் கூடுதலாகப் பெற்றுக்கொண்டு, காலிப் புட்டியைத் திருப்பித் தரும்போது அத்தொகையைத் திருப்பிக் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. விற்ற புட்டிகளில் பெரும்பகுதி திரும்பி வந்தது. திட்டம் பிற மாவட்டங்களுக்கும் படிப்படியாக விரிந்தபோது, இடமும் ஆளும் இன்றி இச்சுமை தம்மேல் ஏற்றப்படுவதாகக் கடைப் பணியாளர் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. அவ்வெதிர்ப்பைப் பிடிவாதம் என்று ஒதுக்குவது நியாயமாகாது. நிரம்பிய 48 புட்டிகள் ஒரு பெட்டிக்குள் ஒழுங்காக அடங்குகின்றன. அதே 48 புட்டிகள் சாக்கில் திரும்பும்போது அதனினும் மிகுந்த இடத்தை அடைத்து, ஒழுகி, நாறி, உடைந்து கிடக்கின்றன. திட்டம் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதைப் பற்றி எண்ணிய அளவுக்குப் புட்டியைக் கட்டுவதைப் பற்றி எண்ணவில்லை.

தீர்வுக்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. புட்டி வந்த பெட்டியும் தடுப்பு அட்டையும் கடையிலேயே இருக்கின்றன. அவற்றை எடைக்குப் போடாமல் வைத்திருந்து, திரும்பும் புட்டிகளை அதே அறைகளில் நிறுத்தி, சரக்கு இறக்கிய லாரியிலேயே ஏற்றி அனுப்பினால் உடைப்பும் இடநெருக்கடியும் ஒருசேரக் குறையும். பெட்டி இரண்டாம் முறையும் தாங்க வேண்டுமானால் அட்டையைச் சற்றுக் கனமாகச் செய்ய வேண்டும். அச்செலவை மதுவை விற்று வருவாய் ஈட்டுவோரும் ஆலைகளுமே ஏற்க வேண்டும். காலிப் புட்டியைக் கையாளும் ஒவ்வொருவருக்கும், அவர் கடைப் பணியாளராயினும் சாக்குச் சுமந்து வருபவராயினும், தடித்த கையுறையும் காலணியும் அத்திட்டத்தின் செலவிலிருந்தே வழங்கப்பட வேண்டும். புட்டியைத் திரும்பப் பெறும் ஏற்பாட்டை எந்த ஊருக்குக் கொண்டுசெல்லும்போதும், பத்து ரூபாய்த் திட்டத்தோடு பெட்டியையும் கையுறையையும் சேர்த்தே அனுப்புமாறு அரசை வலியுறுத்துவது உழவர் அமைப்புகளின் கடமையும் பணியாளர் சங்கங்களின் கடமையும் ஆகும்.