கருவியும் கையாள்வோரும்

லண்டன் மாநகரில் ஆம்புலன்ஸ் வண்டி வேண்டி எவரேனும் தொலைபேசியில் அழைத்தால், 1992-ஆம் ஆண்டு வரை நடந்தது இதுவே: அழைப்பைக் கேட்பவர் விவரங்களைத் தாளில் எழுதுவார், வரைபடத்தில் இடத்தைத் தேடிக் குறிப்பார், பின்னர் அத்தாளை ஓடும் பட்டையில் இடுவார். மறுமுனையில் உள்ளவர்கள் அதை எடுத்து, எந்த வண்டியை அனுப்பலாமென்று ஆய்ந்து ஆணையிடுவார்கள்.

இம்முறை தாமதமானதே, அதில் ஐயமில்லை. ஆகவே, அண்மையிலுள்ள வண்டியைக் கணிப்பொறியே தேர்ந்து அனுப்பும் ஏற்பாடு 1992 அக்டோபர் 26-இல் நடைமுறைக்கு வந்தது. புறப்பட்டோம், சேர்ந்தோம், விடுபட்டோம் என்று ஒவ்வொரு கட்டத்திலும் வண்டியிலுள்ளோர் ஒரு பொத்தானை அழுத்துதல் வேண்டும். நெஞ்சுவலியால் துடிப்பவரைத் தூக்கி வருபவரின் கை பொத்தானையா நாடும்? சிலவிடங்களில் வானொலி அலையே எட்டவில்லை. குறித்த வண்டியை விட்டு வேறொன்றை எடுத்துச் சென்றோரும் உண்டு. கணிப்பொறியோ தான் அறிந்ததே மெய்யென்றிருந்தது. ஓரிடத்திற்கு இரு வண்டிகள் சென்றன. வேறிடத்திலோ நோயாளி நெடுநேரம் காத்துக் கிடந்தார். காத்திருந்தோர் மீண்டும் மீண்டும் அழைக்க, நெரிசல் பெருகிற்று. மறுநாளே பாதியளவு பழைய முறைக்குத் திரும்பினர். நவம்பர் 4-இல் கணிப்பொறி அடியோடு நின்றுபோகவே, தாளும் எழுதுகோலுமே கைகொடுத்தன.

1993-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை அவசரத்தையும் போதிய சோதனையின்மையையும் சுட்டிற்று. என் மனத்தில் தைத்தது வேறொன்று. அக்கருவியை நாள்தோறும் கையாளவேண்டியவர்களை, அதை வகுத்த காலத்தில் உரியவாறு கலந்துகொள்ளவில்லை என்பதே அது.

நான் பல்லாண்டுகள் ஒரு மருத்துவமனையின் பதிவு மேசையில் அமர்ந்தவன். அங்கு வந்த கணிப்பொறி, பிறந்த தேதி இல்லாத எவரையும் ஏற்காது. "பெரும்புயல் அடிச்ச வருஷம் பிறந்தேன் ஐயா" என்பார் மூதாட்டி. அத்தகையோர் அனைவரையும் நாங்கள் ஜனவரி முதல் தேதியில் பிறக்கச் செய்தோம்! எங்களுள் ஒருவரை முன்னரே கேட்டிருந்தால், 'ஏறத்தாழ வயது' என்றொரு கட்டம் போதுமென்று சொல்லியிருப்போம். அந்த மேசையில் ஒரு நாள் அமர்ந்திராதவருக்கு இது எங்ஙனம் தோன்றும்?

பணியாளரைக் கேட்டுக்கொண்டிருந்தால் காலம் வீணாகும் என்பார்கள். காலம் ஆகத்தான் செய்யும். லண்டனில் மறுமுறை பணியாளரோடு அமர்ந்து, மாதிரிகளைக் காட்டி, அவர்கள் கருத்தைக் கேட்டுத் திருத்தினர். அழைப்பைப் பதியும் முதற்பகுதி மட்டும் 1996 ஜனவரியில்தான் தொடங்கிற்று. மூன்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அது நிலைத்தது.